மனையை வித்தாச்சு, பூங்கா எங்கே?

உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் இணைய முகவரி எப்படி முடிகிறது என்று ஒருமுறை பாருங்கள். சங்கம், வாரயிறுதித் தமிழ்ப் பள்ளி, கோவில் அறக்கட்டளை என்று நம்மவர்கள் நடத்தும் பல அமைப்புகளின் முகவரி 'டாட் ஆர்க்' என்றுதான் முடியும். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்திருக்கும் நூலகம் தளம், பழந்தமிழ் இலக்கியங்களை இணையத்தில் ஏற்றிய மதுரைத் திட்டம், பிள்ளைகளுக்குப் பாடம் தேடிப் போகும் தமிழ் இணையக் கல்விக்கழகம், மூன்றுமே டாட் ஆர்க்கில்தான் குடியிருக்கின்றன.

அந்த டாட் ஆர்க்கையே 2019இல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப் பார்த்தார்கள். விலை 113 கோடியே 50 லட்சம் டாலர். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நான் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன். ஒரு தமிழ்ப் பள்ளியின் இணையதளத்தைத் தொண்டாகப் பார்த்துக்கொள்கிறேன். அதனால் இந்த விஷயங்கள் காதில் விழுகின்றன. சங்கக் கூட்டங்களில் இதைப் பேசினால், "அதெல்லாம் டெக்னிகல் சமாச்சாரம், விடுங்க சார்" என்பார்கள். உண்மையில் இதில் டெக்னிகல் கொஞ்சம்தான். வாக்குக் கொடுத்தவர் அதைக் காப்பாற்றுகிறாரா, காப்பாற்றாவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் விஷயம்.

புரோக்கர், புரமோட்டர், அனுமதி கொடுத்தவர்

நம்ம ஊரில் மனை வாங்கியவர்களுக்கு இது உடனே புரியும். லேஅவுட் போடும் புரமோட்டர் கலர் நோட்டீஸ் அடிப்பார். நாற்பதடி ரோடு, பூங்கா, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதில் இருக்கும். அனுமதிக்குக் கொடுத்த வரைபடத்திலும் பூங்காவுக்கு இடம் விட்டிருப்பார். மனைகள் எல்லாம் விற்று முடிந்து சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், பூங்கா இருக்கவேண்டிய இடத்தில் யாரோ வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் பண்ணியிருப்பார்கள். புரோக்கரைக் கேட்டால், "நான் வெறும் புரோக்கர்ங்க, எனக்கு என்ன தெரியும்?" என்பார்.

இணைய முகவரியிலும் இதே மூன்று பேர் உண்டு. வருஷாவருஷம் நாம் பணம் கட்டுவது ரெஜிஸ்ட்ராரிடம். கோடாடி, நேம்சீப் மாதிரி நிறுவனங்கள் இவை. இவர்கள் புரோக்கர். டாட் காம், டாட் ஆர்க் என்ற ஒவ்வொரு வாலுக்கும் மூலப் பதிவேட்டை வைத்திருப்பது ரெஜிஸ்ட்ரி. டாட் காமுக்கு வெரிசைன், டாட் ஆர்க்குக்கு பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரி. இவர்கள் புரமோட்டர். இவர்களுக்கு அனுமதி கொடுத்து ஒப்பந்தம் போடுவது ஐகான். 1998இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்ட லாபநோக்கில்லாத அமைப்பு அது.

மனைக்கும் டொமைனுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மனைக்குப் பட்டா உண்டு, டொமைனுக்குக் கிடையாது. "டொமைன் வாங்கியாச்சு" என்று நாம் சொன்னாலும் அது வாடகைதான். ஒரே சமயத்தில் அதிகபட்சம் பத்து வருஷத்துக்கு வாடகை கட்டி வைக்கலாம், அவ்வளவே.

இன்னொன்று இதைவிட முக்கியம். ரெஜிஸ்ட்ரியும் ஐகானும் போடும் ஒப்பந்தத்தில் நம் கையெழுத்து இல்லை. மூன்றாம் தரப்பு யாருக்கும் இந்த ஒப்பந்தத்தால் உரிமை கிடையாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. பூங்கா வரவில்லையே என்று நாம் நேராகப் புரமோட்டரின் சட்டையைப் பிடிக்க முடியாது. அனுமதி கொடுத்தவரிடம் போய்ச் சொல்லலாம். அவர் அசைந்தால்தான் உண்டு.

திறப்பு விழாவுக்கு அப்புறம்

2012இல் ஐகான் புதிய வால்களுக்கு விண்ணப்பம் வாங்கியது. ஒரு விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,85,000 டாலர். அப்படியும் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. 2013 அக்டோபரில் முதல் நான்கு வால்கள் உயிர்பெற்றன. ஒன்று அரபி எழுத்தில், இரண்டு ரஷ்ய எழுத்தில், ஒன்று சீன எழுத்தில். அடுத்த சில ஆண்டுகளில் எண்ணிக்கை 1,200ஐத் தாண்டியது.

விண்ணப்பம் போடும்போது எல்லோரும் நல்லபிள்ளைகள்தான். எங்கள் வாலில் மோசடி நடக்காது, விதிகளை வெளிப்படையாக வைப்போம், இன்ன சமூகத்துக்காகவே நடத்துவோம் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதினார்கள். பல நாட்டு அரசுகள் விழித்துக்கொண்டு, இதெல்லாம் விண்ணப்பத்தோடு நின்றால் போதாது, ஒப்பந்தத்திலும் ஏறவேண்டும் என்று வற்புறுத்தின. அப்படி வந்தவைதான் பொதுநல உறுதிமொழிகள். ஒப்பந்தத்தில் ஏறிய உறுதிமொழியை மீறினால் ஒப்பந்தத்தையே மீறியதாக ஆகும்.

வால் திறக்கப்பட்ட பிறகு தட்டுவதற்கு மூன்று கதவுகளும் வைக்கப்பட்டன. ரெஜிஸ்ட்ரியே வணிகச் சின்னங்களை மீறத் துணைபோனால் ஒரு வழக்குமுறை. ஒரு சமூகத்துக்கு என்று சொல்லி வாங்கிவிட்டுக் கட்டுப்பாடுகளைக் காற்றில் விட்டால் இன்னொன்று. பொதுநல உறுதிமொழிகளை மீறினால் மூன்றாவது.

மூன்றாவது கதவைத் தட்டியவர்களின் கதை ஒன்று உண்டு. டாட் ஃபீட்பேக் என்று ஒரு வால் வந்தது. எந்த நிறுவனத்தைப் பற்றியும் மக்கள் கருத்துச் சொல்லலாம் என்பது யோசனை. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2016இல் பெரிய பிராண்டுகள் பல சேர்ந்து புகார் கொடுத்தன. ரெஜிஸ்ட்ரியின் விதிகள் தெளிவாக இல்லை, அடிக்கடி மாறுகின்றன, மற்ற தளங்களில் இருந்த விமர்சனங்களை எடுத்துப்போட்டுப் பக்கங்களை நிரப்பியிருக்கிறார்கள் என்பதெல்லாம் குற்றச்சாட்டு. வழக்கை விசாரித்த குழு, வெளிப்படையாக நடப்போம் என்ற உறுதிமொழி மீறப்பட்டது என்று 2017இல் சொன்னது. ஐகானும் ஒப்பந்த மீறல் நோட்டீஸ் அனுப்பியது.

நல்ல முடிவுதான். ஆனால் அந்தப் புகாரைக் கொடுத்தவர்கள் யார் என்று பாருங்கள். வக்கீல் படையும், கட்டுக்கட்டாக ஆதாரம் திரட்டச் சம்பளத்துக்கு ஆளும் வைத்திருக்கும் நிறுவனங்கள். ஒரு தமிழ்ப் பள்ளியோ கோவிலோ அந்தக் கதவைத் தட்டுவது லேசான காரியமில்லை.

மோசடி விஷயத்தில் பிடி இறுக இன்னும் நாளானது. வங்கி மாதிரி நடிக்கும் போலித்தளம் பற்றிப் புகார் வந்தால் ரெஜிஸ்ட்ரியும் ரெஜிஸ்ட்ராரும் அதைத் தடுக்க நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டும் என்ற திருத்தம் 2024 ஏப்ரல் 5 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில், டாட் டாப் என்ற வாலை நடத்தும் சீன நிறுவனத்துக்கு, போலித்தளப் புகார்களைக் கவனிக்கவில்லை என்று ஐகான் நோட்டீஸ் விட்டு ஒரு மாதக் கெடு வைத்தது. ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு "உங்கள் பார்சல் நிற்கிறது" என்று எஸ்எம்எஸ் வருகிறதே, அதில் உள்ள லிங்கின் வால் எது என்று பாருங்கள். அந்த வாலுக்குப் பொறுப்பாக ஒரு ரெஜிஸ்ட்ரி இருக்கிறது. அதற்குப் புகார் போகவேண்டும்.

டாட் ஆர்க் விற்பனை நின்ற கதை

இப்போது டாட் ஆர்க்குக்கு வருவோம். இன்டர்நெட் சொசைட்டி என்ற லாபநோக்கில்லாத அமைப்பு 2002இல் பப்ளிக் இன்டரஸ்ட் ரெஜிஸ்ட்ரியைத் தொடங்கியது. மறு ஆண்டு டாட் ஆர்க்கின் பொறுப்பு அதன் கைக்கு வந்தது. சேவை அமைப்புகளின் வாலைச் சேவை அமைப்பே பார்த்துக்கொள்ளும் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

2019 ஜூன் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது, விலையை ஆண்டுக்கு இவ்வளவுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற வரம்பு நீக்கப்பட்டது. அதற்கு முன் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டார்கள். 3,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன, பெரும்பாலானவை எதிர்ப்பு. அப்படியிருந்தும் வரம்பு போனது. ஐந்தே மாதத்தில், நவம்பரில், ரெஜிஸ்ட்ரியை ஈதோஸ் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்போவதாக அறிவிப்பு வந்தது.

உலகெங்கும் சேவை அமைப்புகள் கொதித்தன. 2020 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் ஐகான் அலுவலக வாசலிலேயே ஆர்ப்பாட்டம் நடந்தது. வாங்க வந்தவர்கள் அப்போது சில வாக்குறுதிகளை முன்வைத்தார்கள். எட்டு ஆண்டுகளுக்கு விலையைச் சராசரியாக ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற மாட்டோம், ஆலோசனைக் குழு ஒன்று அமைப்போம், இதையெல்லாம் பொதுநல உறுதிமொழியாக ஒப்பந்தத்திலேயே எழுதித் தருகிறோம் என்றார்கள்.

ஏப்ரலில் கலிபோர்னியா மாநில அட்டர்னி ஜெனரல் ஐகானுக்குக் கடிதம் எழுதி, இந்த விற்பனைக்கு ஒப்புதல் தராதீர்கள் என்றார். 2020 ஏப்ரல் 30 அன்று ஐகான் மறுத்துவிட்டது. பொதுநலனுக்காக இயங்கிய அமைப்பு முதலீட்டாளர்களுக்குப் பதில்சொல்லும் நிறுவனமாக மாறிவிடும், வாங்குவதற்காக ஏற்றப்படும் 36 கோடி டாலர் கடனையும் அதுவே சுமக்கவேண்டும் என்பவை மறுப்புக்குச் சொன்ன முக்கியமான காரணங்கள்.

இதில் இரண்டு விஷயத்தை நான் கவனிக்கச் சொல்வேன். முதலாவது, தடுக்க முடிந்ததற்குக் காரணமே ஒப்பந்தத்தில் இருந்த ஒரு பிரிவுதான். ரெஜிஸ்ட்ரியின் கட்டுப்பாடு கைமாறுவதற்கு ஐகானின் ஒப்புதல் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த வரி இல்லாமல் போயிருந்தால் எத்தனை பேர் வாசலில் நின்றாலும் சட்டப்படி பிடி இருந்திருக்காது. இரண்டாவது, அந்த வரி இருந்தும், ஆயிரக்கணக்கான அமைப்புகள் குரல் கொடுத்திருக்காவிட்டால் அதை யாராவது இவ்வளவு அழுத்தமாகப் பயன்படுத்தியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். விலை வரம்பு விஷயத்தில் எழுந்த குரல் பலிக்கவில்லை, விற்பனை விஷயத்தில் பலித்தது.

விலை வரம்பை நீக்கியதை எதிர்த்து நேம்சீப் நிறுவனம் தனியாக வழக்குப் போட்டது. ஐகான் தன் சொந்த விதிகளையே மீறியிருக்கிறது என்று 2022 டிசம்பரில் நடுவர் குழு சொன்னது. அனுமதி கொடுக்கும் அமைப்பையும் கேள்வி கேட்க வழி இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. மூன்றரை வருஷம் ஆனது என்பதும் உண்மை.

"போன வருஷம் இவ்வளவு இல்லையே தம்பி?"

எங்கள் பள்ளிக்கு முக்கிய முகவரி டாட் ஆர்க்கில் இருக்கிறது. பிள்ளைகளின் நாடக விழாவுக்காக, புதிய வால் ஒன்றில் இன்னொரு முகவரியும் வைத்திருந்தோம். முதல் வருஷம் நாலு டாலர்தான். மூன்றாவது வருஷம் பில்லைப் பார்த்த எங்கள் பொருளாளர் அக்கா போன் போட்டுவிட்டார்.

"தம்பி, போன வருஷம் இவ்வளவு இல்லையே? இது என்ன நாற்பது டாலருக்கு மேல போட்டிருக்கான்?"

"ரெஜிஸ்ட்ரியே விலையை ஏத்திட்டாங்களாம் அக்கா."

"ஏத்தினா முன்னாடியே சொல்ல வேணாமா? வாடகை ஏத்துறவங்ககூட ரெண்டு மாசம் முன்னாடி சொல்றாங்க."

நியாயமான கேள்வி. ரெஜிஸ்ட்ராரிடம் கேட்டால் ரெஜிஸ்ட்ரியைக் காட்டினார்கள். ரெஜிஸ்ட்ரிக்கு இரண்டு தடவை எழுதியும் பதில் இல்லை. அப்புறம்தான் உட்கார்ந்து அந்த வாலின் ஒப்பந்தத்தைப் படித்தேன். இந்த ஒப்பந்தங்கள் எல்லாம் ஐகான் தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். புதுப்பிக்கும் விலையை ஏற்றுவதானால் 180 நாள் முன்பே அறிவிக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அந்த அறிவிப்பு போகவேண்டியது ரெஜிஸ்ட்ராருக்கு. முகவரி வைத்திருக்கும் நமக்கு இல்லை. அந்த 180 நாளுக்குள் பழைய விலையிலேயே பத்து வருஷம் வரை புதுப்பித்துக்கொள்ள வழிவிடவேண்டும் என்றும் இருக்கிறது. நல்ல சலுகை. விலை ஏறப்போவது காதில் விழுந்தால்தானே பயன்படுத்த முடியும்?

எவ்வளவு ஏற்றலாம் என்பதற்குப் புதிய வால்களின் பொது ஒப்பந்தத்தில் வரம்பே கிடையாது. டாட் காமுக்கு வரம்பு உண்டு. அதனால்தான் அதன் மொத்த விலை 7.85 டாலரிலிருந்து 2021 முதல் 2024 வரை நான்கு தடவை ஏறியும் 10.26இல் நின்றது. புதிய வால்களில் அந்தத் தடுப்பு இல்லை. 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற நிறுவனம் தன் வால்கள் சிலவற்றின் விலையைப் பல மடங்கு ஏற்றப்போவதாக அறிவித்தது. கோடாடியே அவர்களின் வால்களைப் புதிதாக விற்பதை நிறுத்தியது. ஒப்பந்தப்படி அந்த விலையேற்றம் தப்பில்லை. இதற்கு முன், 2015இல், டாட் சக்ஸ் என்ற வாலில் வணிகச் சின்னம் வைத்திருப்பவர்களிடம் 2,499 டாலர் கேட்டபோது, இது சட்டப்படி சரியா என்று பார்க்கும்படி அமெரிக்க, கனடா அரசு அமைப்புகளுக்கு ஐகானே கடிதம் எழுதியது. லேஅவுட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவரே அப்புறம் போலீஸ் ஸ்டேஷன் படியேறின மாதிரி!

கடையை மூடிவிட்டால்?

விலை ஏறினால் பணத்தோடு போகும். ரெஜிஸ்ட்ரியே மூழ்கிவிட்டால்? இதற்கு மட்டும் ஓரளவு நல்ல ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு ரெஜிஸ்ட்ரியும் தன் பதிவேட்டின் நகலை நம்பகமான வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்து வரவேண்டும். ஒரு வாரத்தில் மொத்தம் நாலு மணி நேரத்துக்கு மேல் அந்த வாலின் பெயர்கள் இணையத்தில் கிடைக்காமல் போனால், ஐகான் அவசர நிர்வாகி ஒருவரைக் கொண்டுவரலாம். கல்யாண ஜோடிகளுக்காக வந்த டாட் வெட் என்ற வாலுக்கு 2017 டிசம்பரில் அது நடந்தது. முதல் தடவையாக அவசர ஏற்பாடு வேலைக்கு வந்து, பிரிட்டனின் நாமினெட் அமைப்பு பொறுப்பேற்றது.

இது வேலைசெய்ததற்குக் காரணம், யாரும் புகார் கொடுத்துக் கெஞ்சவேண்டிய அவசியம் இல்லை. அளவு எழுதியிருக்கிறது, நாலு மணி நேரம் என்று. தாண்டினால் நடவடிக்கை. விலைக்கும் மோசடிக்கும் விற்பனைக்கும் இப்படி அளவு குறித்த விதி வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தப் பாதுகாப்பெல்லாம் ஐகானோடு ஒப்பந்தம் போட்ட வால்களுக்குத்தான். இரண்டெழுத்து நாட்டு வால்கள் வேறு கணக்கு. அவற்றை அந்தந்த நாட்டின் சட்டமும் ஏற்பாடும்தான் ஆள்கின்றன. நியூசிலாந்தின் கீழ் இருக்கும் டோக்கெலாவ் என்ற குட்டித்தீவுக் கூட்டத்தின் டாட் டிகே வாலை ஃப்ரீநாம் என்ற நிறுவனம் இலவசமாக அள்ளிக் கொடுத்தது. மோசடிக்காரர்கள் மொய்த்தார்கள். பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா வழக்குப் போட்ட பிறகு, 2023இல் புதுப்பதிவுகள் நின்றன. 2024 பிப்ரவரியில் இந்தத் தொழிலை விட்டே விலகுவதாக ஃப்ரீநாம் அறிவித்தது. காசில்லாத மாணவர்களும் சிறு அமைப்புகளும் நம்பி வைத்திருந்த முகவரிகளும் அதில் இருந்தன.

லண்டன் வாசகர்களுக்கு டாட் ஈயூ ஞாபகம் இருக்கும். பிரெக்ஸிட்டுக்குப் பின், 2021 ஜனவரி 1 முதல், பிரிட்டனில் பதிவான அமைப்புகள் அந்த வாலுக்குத் தகுதி இழந்தன. 2022 தொடக்கத்தில் அந்தப் பெயர்கள் மற்றவர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஓட்டுப் போட்டது நாட்டு விவகாரத்துக்கு, முகவரி போனது சிறு அமைப்புகளுக்கு.

டாட் தமிழ் வந்தால்?

இதையெல்லாம் இப்போது சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐகானின் அடுத்த சுற்று விண்ணப்பக் காலம் 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என்று அறிவிக்கப்பட்டது. கட்டணம் 2,27,000 டாலர். தமிழ் எழுத்தில் இன்று இருக்கும் வால்கள் மூன்று: டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர். மூன்றும் நாடுகளுக்கு உரியவை. டொராண்டோவிலும் ஆஸ்லோவிலும் மெல்பர்னிலும் பிறந்து தமிழ் படிக்கும் பிள்ளைக்கு, நாட்டைத் தாண்டி மொழிக்கென்று ஒரு வால் இல்லை. இந்தச் சுற்றிலோ அடுத்ததிலோ யாராவது 'டாட் தமிழ்' என்று கேட்கலாம். நமக்கு உடனே புல்லரிக்கும், வாட்ஸ்அப்பில் கைதட்டுவோம். அந்தச் சமயத்தில்தான் நிதானமாகக் கேள்வி கேட்கவேண்டும்.

முன்மாதிரி இல்லாமல் இல்லை. காட்டலான் மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று டாட் கேட் வாலை 2005இல் ஐகான் அங்கீகரித்தது. நாட்டு எல்லை பார்க்காமல் மொழியோடு உறவுள்ள எவரும் பெறலாம். லாபநோக்கில்லாத அறக்கட்டளைதான் அதை நடத்துகிறது. ஆனால் 2017 செப்டம்பரில், காட்டலோனியாவின் விடுதலை வாக்கெடுப்புக்குச் சில நாள் முன்பு, அந்த அலுவலகத்துக்குள் ஸ்பெயின் போலீஸ் புகுந்தது. வாக்கெடுப்பு பற்றிய தளங்களை முடக்கவேண்டும் என்பது நீதிமன்ற உத்தரவு. அதன் தொழில்நுட்பத் தலைவர் கைதானார். ஒரு மொழியின் வாலை எந்த நாட்டில் பதிந்து வைக்கிறோம் என்பதும் பெரிய கேள்வி என்று நம்மவர்களுக்கு விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

அதனால் டாட் தமிழ் என்று யார் வந்தாலும் நான் கேட்க நினைப்பவை இவை. சமூகத்துக்கான வால் என்று விண்ணப்பிக்கிறீர்களா, சாதாரண வியாபார வாலாகவா? விலைக்கு வரம்பு உண்டா? வேறொருவருக்கு விற்பதானால் யாரைக் கேட்பீர்கள்? பள்ளிகள், நூலகங்கள், எழுத்தாளர்களுக்கு நிர்வாகத்தில் இடம் உண்டா? இந்தப் பதில்களைப் பத்திரிகைப் பேட்டியில் சொன்னால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதுவீர்களா? புதிய சுற்றில் இப்படி விண்ணப்பதாரர் தானாக எழுதித் தரும் உறுதிமொழிகளை ஒப்பந்தத்தில் சேர்க்க வழி வைத்திருக்கிறார்கள். கேட்கவேண்டிய நேரம் திறப்பு விழாவுக்கு முன்புதான். அப்புறம் கேட்டால், பூங்கா இடத்தில் கட்டின வீட்டை இடிக்கச் சொல்லும் கதையாகிவிடும்.

இப்போதே செய்யக்கூடியவை

ஒரு சாயங்காலம் ஒதுக்கினால் போதும். முதலில், உங்கள் அமைப்பின் முகவரி யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். எப்போதோ செயலாளராக இருந்து வேறு ஊருக்குப் போய்விட்டவரின் சொந்த ஈமெயிலில் இருந்தால், அமைப்பின் பெயருக்கும் பொது ஈமெயிலுக்கும் மாற்றுங்கள். முக்கிய முகவரியை வருஷாவருஷம் புதுப்பிக்காமல், கையில் பணம் இருக்கும்போது ஐந்து அல்லது பத்து வருஷத்துக்குக் கட்டிவிடுங்கள். நடுவில் வரும் விலையேற்றம் உங்களைத் தொடாது.

புதிய வாலில் முகவரி எடுப்பதானால் முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்கவேண்டாம். புதுப்பிக்கும் விலை என்ன, ரெஜிஸ்ட்ரி யார், எந்த நாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நாட்டு வால் என்றால், குடியுரிமையோ வசிப்பிடமோ மாறினால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அநியாயம் நடந்தால் ஐகானின் ஒப்பந்தக் கண்காணிப்புப் பிரிவுக்கு இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், காசு கிடையாது. புலம்பலாக இல்லாமல் தேதி, பில், ஸ்கிரீன்ஷாட், நீங்கள் எழுதிய கடிதம், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்று வரிசையாக வையுங்கள். அவர்கள் முதலில் ரெஜிஸ்ட்ரியிடம் அமைதியாகக் கேட்பார்கள், வழக்கமாக மூன்று சுற்று. சரியாகாவிட்டால் மீறல் நோட்டீஸ் வெளிப்படையாக ஐகான் தளத்தில் ஏறும். அது ஏறினால் தொழிலில் பெயர் கெடும் என்பதால், பல ரெஜிஸ்ட்ரிகள் அதற்கு முன்பே வழிக்கு வந்துவிடும். எங்கள் பள்ளி சார்பிலும் ஒரு புகார் போயிருக்கிறது. நாற்பது டாலருக்காக இல்லை. இரண்டு கடிதத்துக்கும் ஏன் பதில் இல்லை என்பது பதிவாகட்டும் என்று பொருளாளர் அக்காதான் சொன்னார்.

கடைசியாக, ஐகானில் சாதாரணப் பயனாளர்களுக்கு என்றே அட்-லார்ஜ் என்ற அமைப்பு இருக்கிறது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசிய பசிபிக் என்று வட்டாரக் கிளைகள் உண்டு. பல ஊர் மக்கள் சங்கங்களும் தனிநபர்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஒப்பந்தம் மாறும்போது கருத்துக் கேட்பார்கள், நாமும் எழுதலாம். நம் ஊர்களில் ஐடி வேலையில் இருப்பவர்களுக்கா பஞ்சம்? உங்கள் சங்கத்தில் பொங்கல் விழாவுக்குக் குழு போடும்போது, இதற்கும் ஒருவரைப் போடுங்கள். டாட் ஆர்க்கை விற்க வந்தபோது தடுத்தவர்களில் நம் சங்கங்கள் எத்தனை இருந்தன என்று யாராவது கேட்டால், அடுத்த முறையாவது சொல்வதற்கு ஒரு பெயர் இருக்கட்டும்.